பனியா, தூசியா? ஏற்காட்டுக் காப்பிக் கிடங்குத் தொழிலாளி ஒருவரின் ஆஸ்துமா: நிகழ்வு ஆய்வு

ஏற்காட்டு மலையிலிருந்து மூச்சுத்திணறலோடு சேலத்துக்கு இறங்கி வரும் எவரும் முதலில் சொல்லும் காரணம் பனி என்பதாகவே இருக்கும். கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் சற்று மேலான உயரத்தில், கார்த்திகையிலும் மார்கழியிலும் பகல் பதினொரு மணி வரை பாதை தெரியாத மூடுபனியில் வாழ்பவர்கள் அப்படி நினைப்பதில் வியப்பில்லை. வியப்புக்குரியது, அந்த விளக்கத்தை மருத்துவராகிய நானும் இரண்டு முறை எழுதி வைத்தேன் என்பதுதான். இந்த ஆய்வு அந்தப் பிழையையும், அதைத் திருத்திய ஒரு மாதக் காலண்டரையும் பற்றியது. நோயாளியின் பெயரும் ஊரும் தவிர்க்கப்பட்டுள்ளன.

பின்னணி

நோயாளி 38 வயதுப் பெண். வாழப்பாடிப் பக்கம் பிறந்தவர். மணமாகி மலைக்கு வந்து 19 ஆண்டுகள் ஆகின்றன. கணவர் எஸ்டேட் ஒன்றில் மரம் கவாத்து செய்பவர். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு மகள் உண்டு. புகை, வெற்றிலை, புகையிலைப் பழக்கம் எதுவும் இல்லை. சிறுவயதில் இழுப்பு இருந்ததில்லை. தாய்வழியில் ஒரு மாமாவுக்கு மட்டும் இருந்திருக்கிறது.

பதினைந்து ஆண்டுகள் காப்பிப் பழம் பறிக்கவும் மிளகு பறிக்கவும் போய்வந்தவர், மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். சிறு தோட்டக்காரர்களிடமிருந்து உலர்ந்த செர்ரிக் காப்பியை வாங்கி, ஹல்லரில் தோல் நீக்கி, தரம் பிரித்து, மூட்டை கட்டி விற்கும் கிடங்கு அது. நிழலில் உட்கார்ந்து செய்யும் வேலை, அட்டைக்கடி இல்லை, கூலியும் சற்றுக் கூடுதல் என்பதால் பலரும் விரும்பும் இடம். டிசம்பரில் ஹல்லர் ஓடத் தொடங்கினால் ஏப்ரல் வரை ஓடும். பெண்கள் வரிசையாக அமர்ந்து, முறத்தில் பச்சைக் கொட்டையைப் புடைத்து, கறுத்ததையும் உடைந்ததையும் பொறுக்கித் தள்ளுவார்கள்.

சேர்ந்த முதல் ஆண்டில் மூக்கில் நீர் வடிதலும் அடுக்குத் தும்மலும் மட்டுமே இருந்தன. இரண்டாம் ஆண்டில் தை, மாசி மாதங்களில் இரவு இருமல் தொடங்கியது. விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு எழுந்து உட்கார்ந்தால்தான் மூச்சு விட முடிந்தது. “நெஞ்சுக்குள்ள பூனைக்குட்டி கத்துற மாதிரி இருக்குதுங்க” என்பது அவர் தந்த வருணனை. மருத்துவ நூல்களில் இதைவிடத் தெளிவான சொற்களை நான் கண்டதில்லை.

வேறொரு மருத்துவமனையில் அவருக்கு “ஈஸ்னோபீலியா”, அதாவது ஈஸினோஃபில் என்ற வெள்ளணுக்களின் மிகுதி, என்று சொல்லப்பட்டிருந்தது. ஆஸ்துமா என்ற சொல்லுக்கு அஞ்சும் குடும்பங்களிடம் ஈஸ்னோபீலியா, வீசிங், அலர்ஜிச் சளி என்று மாற்றுப் பெயர் சொல்வது நம் ஊர்களில் நெடுநாள் வழக்கம். பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீட்டில் அந்த அச்சம் எவ்வளவு பெரியது என்பதை அறிவேன்; எனினும் பெயரை மறைத்தால் நோய் வந்துபோகும் சளியாகவே எண்ணப்பட்டு, மருந்தும் வந்துபோவதாகவே ஆகிவிடுகிறது. இவருக்குப் பொடி இன்ஹேலருக்கான காப்ஸ்யூல்களும் அதற்குரிய கருவியும் அப்போதே எழுதித் தரப்பட்டிருந்தன. கருவியைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, காப்ஸ்யூலை மூன்று வாரம் வெந்நீரில் விழுங்கியிருக்கிறார். அப்படி விழுங்கியவர்களில் நான் பார்த்த முதல் ஆள் இவர் அல்லர். கருவியைக் கையில் எடுத்துச் செய்து காட்ட இரண்டு நிமிடம் யாரும் செலவிடவில்லை என்பதே அதன் பொருள்.

முதல் வருகை

மூன்றாம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில், ஒரு விடியற்காலையில், ஜீப்பில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி அவரை அழைத்துவந்தார்கள். ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் இரண்டிரண்டு சொல்லாகப் பேசினார். மூச்சு நிமிடத்துக்கு 32, நாடித்துடிப்பு 124, இரத்த ஆக்சிஜன் செறிவு 89 விழுக்காடு. கழுத்துத் தசைகள் ஒவ்வொரு மூச்சிலும் உள்வாங்கின. கடுமையான ஆஸ்துமாத் தாக்குதலுக்குரிய எல்லா அடையாளங்களும் இருந்தன.

ஆக்சிஜன் தரப்பட்டது. மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமாலும் இப்ராட்ரோப்பியமும் முதல் ஒரு மணி நேரத்தில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை என மூன்று தடவை நெபுலைசர் வழியே செலுத்தப்பட்டன. பிரெட்னிசோலோன் 40 மில்லிகிராம் மாத்திரையாகக் கொடுக்கப்பட்டது. “ஊசி போடலீங்களா?” என்று கணவர் இரண்டு முறை கேட்டார். விழுங்க முடிந்த நோயாளிக்கு ஸ்டீராய்டு மாத்திரை ஊசியைப் போலவே வேலை செய்யும் என்பதை விளக்கியும், அவர் முகம் தெளிய நோயாளி எழுந்து உட்கார வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் வீடு திரும்பினார். பிரெட்னிசோலோன் மொத்தம் ஐந்து நாள். அத்துடன், உறிஞ்சும் ஸ்டீராய்டான புடெசோனைடும் மூச்சுக்குழாயை விரிக்கும் ஃபார்மோடெராலும் சேர்ந்த இன்ஹேலர் காலையும் இரவும்.

அன்று குறிப்பேட்டில் நான் எழுதியது: “ஆஸ்துமா, தூண்டுகாரணி: குளிர், மூடுபனி.” தீபாவளிக்குத் தாய் வீட்டுக்கு இறங்கியபோது உடம்பு நன்றாக இருந்தது என்று அவர் சொன்னதை அதற்குச் சான்றாக எடுத்துக்கொண்டேன். பதினைந்து நாள் கழித்து வந்தபோது இருமல் பாதிதான் குறைந்திருந்தது. அப்போதும் அதே வரியை எழுதினேன். கம்பளி, மூக்கை மூட மஃப்ளர், வெந்நீருக்கு விறகடுப்பு எரிப்பதை வீட்டுக்கு வெளியே மாற்றுவது என்று சில அறிவுரைகளும் சொன்னேன். விறகுப் புகை பற்றிய அறிவுரை சரியானதே. மற்றவை என் ஊகத்தின் மேல் கட்டியவை.

எழுந்து கதவருகே போனவர் திரும்பி நின்று, “பனிதான்னா ஆடி, ஆவணி மழையில எனக்கு ஒண்ணும் வரலீங்களே டாக்டர்?” என்றார். ஏற்காட்டில் ஆடி முதல் ஐப்பசி வரை மழையும் மேகமும் ஈரமும் ஓய்வதில்லை. துணி காய வைக்கவே இடம் இருக்காது. அந்த மாதங்களில் இன்ஹேலர் ஏதுமின்றி அவர் நன்றாக இருந்திருக்கிறார். வானம் தெளிந்து வெயில் காயும் மாசி, பங்குனியில்தான் திணறியிருக்கிறார். அவரை மீண்டும் உட்காரச் சொன்னேன்.

பரிசோதனைகள்

மார்பு எக்ஸ்ரேயில் குறையில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருப்பவர் என்பதால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்யப்பட்டது, கிருமி இல்லை. இரத்தத்தில் ஈஸினோஃபில் அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 520. ஒவ்வாமை ஆஸ்துமாவில் இப்படிச் சற்றே உயர்வது இயல்பு. யானைக்கால் புழுவால் நுரையீரலில் உண்டாகும் வெப்பமண்டல ஈஸினோஃபிலியாவும் இரவு இருமலைத் தரும். ஆனால் அதில் அந்த எண்ணிக்கை 3,000-ஐத் தாண்டி நிற்கும். எனவே அவருக்கு முன்பு சொல்லப்பட்ட பெயர் பொருந்தவில்லை.

நுரையீரலின் ஊதும் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரியில், முழு மூச்சை இழுத்து ஊதும்போது முதல் நொடியில் வெளியேறும் காற்று 1.58 லிட்டராக இருந்தது. சால்பியூட்டமால் நான்கு முறை ஸ்பேசர் (இன்ஹேலரில் பொருத்தும் குழாய்) வழியே கொடுத்துக் கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 1.92 லிட்டராக உயர்ந்தது. 12 விழுக்காடும் 200 மில்லிலிட்டரும் கூடினாலே ஆஸ்துமாவுக்குச் சாதகமான சான்று என்று கொள்ளப்படும் நிலையில், இவருக்குக் கூடியது 340 மில்லிலிட்டர், அதாவது 21 விழுக்காட்டுக்கு மேல். நோய் எது என்பதில் ஐயம் இல்லாமல் போயிற்று. எதனால் என்பதற்கு அந்த இயந்திரத்திடம் விடை இல்லை.

இங்கே நோயின் தன்மையைச் சற்று விளக்க வேண்டியுள்ளது. ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது என்பதை எல்லாரும் அறிவர்; தசை இறுகுவதற்கு முன்பே குழாயின் உட்சுவர் நாள்கணக்காக, வாரக்கணக்காக அழற்சியால் வீங்கிச் சளி சுரந்து கிடக்கிறது என்பதைத்தான் பலர் அறிவதில்லை. சால்பியூட்டமால் தசையை மட்டும் தளர்த்துகிறது. சில மணி நேரம் மூச்சு இலேசாகிறது, வீக்கம் அப்படியே இருக்கிறது. ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டுக் குழு, பெரியவர்களுக்குச் சால்பியூட்டமாலை மட்டும் தனியே தருவதை 2019-இல் கைவிடச் சொன்னது இதனால்தான். அழற்சியைத் தணிப்பது உறிஞ்சும் ஸ்டீராய்டு. அந்தச் சொல்லைக் கேட்டதும் அஞ்சும் நோயாளிகளிடம் எடைக் கணக்கைச் சொல்வது என் வழக்கம்: இவர் நாளொன்றுக்கு உறிஞ்சியது 400 மைக்ரோகிராம் புடெசோனைடு, தாக்குதல் வந்தபோது விழுங்கியது 40 மில்லிகிராம் பிரெட்னிசோலோன், அதைப்போல நூறு மடங்கு எடை. இரண்டும் வேறு வேறு மருந்துகள், நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது என்றாலும், சிறு அளவை அன்றாடம் எடுக்காதவர்தான் பெரிய அளவை அடிக்கடி விழுங்க நேர்கிறது என்பது அவருக்குப் புரிந்தது.

காலண்டர்க் கட்டங்கள்

ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்றை அவர் கையில் கொடுத்தோம். எழுந்தவுடன், மதியம், வேலை முடிந்ததும், படுக்கும் முன் என நாளுக்கு நான்கு வேளை. ஒவ்வொரு வேளையும் மூன்று முறை ஊதி, அதிகமான எண்ணை (நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்ற கணக்கில்) எழுத வேண்டும். மருந்தின் அளவை அந்த நான்கு வாரமும் மாற்றுவதில்லை என்று முடிவு செய்தோம். மாற்றினால் எண் ஏறியது மருந்தாலா விடுமுறையாலா என்று பிரிக்க முடியாது. மளிகைக் கடைக் காலண்டரின் தேதிக் கட்டங்களில் மகள் எழுதினாள். ராகுகாலத்துக்கும் எமகண்டத்துக்கும் கீழே நான்கு நான்கு எண்கள்.

பொங்கல் விடுமுறைக்கு வாழப்பாடிக்குப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சமவெளிக்கு இறங்கினால் பனியும் விலகும், கிடங்கும் விலகும். எது காரணம் என்பது மறுபடியும் மறைந்துவிடும். மேலும், உயரம் கூடிய இடத்தில் இந்தக் கருவி சற்றுக் குறைத்தே காட்டும் என்பதால், மலையில் ஊதிய எண்ணையும் கீழே ஊதிய எண்ணையும் அப்படியே ஒப்பிடவும் கூடாது. தாய் வீட்டுச் சீரை விட்டுவிட்டு மலையிலேயே இருக்க ஒப்புக்கொண்டார். இந்த ஆய்வில் யாருடைய பங்கு பெரிது என்று கேட்டால், அதைத்தான் சொல்வேன்.

வேலை நாள்களில் காலை 270, மாலை 215 என்ற அளவில் எண்கள் நின்றன. பெரியவர்களில் ஒரு நாளுக்குள் சராசரியாகப் பத்து விழுக்காட்டுக்கு மேல் ஏறி இறங்கினாலே மிகை. இவருக்கு இருபதைத் தாண்டியது. ஞாயிறு ஒரு நாள் ஓய்வு போதவில்லை. போகியன்று காலை தெருவில் எரித்த புகையில் 240-க்கு விழுந்தது. அதன்பின் பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் என்று 290, 305, 320. வார இறுதியில் 340. அந்த நாள்களில் மலை முழுதும் பனி மூடிக் கிடந்தது. திங்கட்கிழமை காலை 335-உடன் கிடங்குக்குப் போனவர், அன்று மாலை 285, புதன் மாலை 225. குளிர் குற்றவாளியாக இருந்திருந்தால் காணும் பொங்கலன்று அந்த எண் ஏறியிருக்க வழியில்லை.

வறுக்காத பச்சைக் காப்பிக் கொட்டையின் தூசியால் ஆஸ்துமா வருவது மருத்துவ உலகம் நன்கறிந்த ஒன்று. தூசியிலுள்ள புரதங்களுக்கு எதிராக உடல் மெல்ல மெல்ல எதிர்ப்பொருள்களை உருவாக்கிக்கொள்கிறது. அதற்கு மாதங்களோ ஆண்டுகளோ ஆகலாம். முதலில் மூக்கு, பிறகு நெஞ்சு என்ற வரிசையும் இவ்வகை ஆஸ்துமாவுக்கே உரியது. வறுக்கும் சூட்டில் அந்தப் புரதங்கள் பெரும்பாலும் சிதைந்துவிடுவதால், இவர் மூன்று வேளையும் காப்பி குடித்துக்கொண்டு, காப்பித்தூள் அரைக்கும் கடையில் நின்றுகொண்டு நலமாக இருக்க முடிகிறது. “காப்பியே ஆகாதுன்னா நான் குடிக்கிறேனே” என்று அவர் கேட்டதற்கு விடை அதுதான்.

இன்னொரு சந்தேகமும் உண்டு. கிடங்கில் பயன்படும் சாக்குகள் பழையவை. அவற்றில் சில முன்பு ஆமணக்கு விதை ஏற்றியவை என்று மேஸ்திரி சொன்னார். ஆமணக்குத் தூசி மிகக் கடுமையான ஒவ்வாமைப் பொருள். அமெரிக்காவின் டொலிடோ நகரில் ஆமணக்கு எண்ணெய் ஆலையின் தூசி காற்றில் பரவியதால், ஆலைக்குள் கால் வைக்காத அக்கம்பக்கத்தாருக்கும் ஆஸ்துமா வந்தது 1928-இலேயே பதிவாகியுள்ளது. காப்பிக் கிடங்குகளில் சாக்கின் வழியே அது கலப்பதும் பிற நாடுகளில் கண்டறியப்பட்டதே. இவ்விரண்டில் எது என்பதைத் தோல் பரிசோதனையால் பிரிக்க நாங்கள் முயலவில்லை. விலக வேண்டியது இரண்டிலிருந்தும்தான்.

சிகிச்சையும் வேலையும்

“அந்த வேலையை விட்டுவிடுங்கள்” என்று எழுதுவது மருத்துவருக்கு ஒரு வரி. அந்தக் குடும்பத்துக்கு அது வருமானத்தில் பாதி. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை பார்க்கலாமா என்று கேட்டார். துண்டு நுண்தூசியைத் தடுக்காது. என்95 முகக்கவசம் ஓரளவு தடுக்கும் என்றாலும், ஒருமுறை ஒவ்வாமை ஊறிவிட்ட உடலுக்குக் கசியும் சிறு தூசியே போதும். எட்டு மணி நேரம் அதைக் கழற்றாமல் புடைப்பதும் நடவாத காரியம். கிடங்கு உரிமையாளரிடம் காலண்டரின் நகலைக் காட்டிப் பேசினோம். நோய் தம் தொழிலால் வந்தது என்பதை அவர் ஏற்கவில்லை. ஆனால் தம் தோட்டத்து நாற்றங்காலில் பை நிரப்பும் வேலை தர இசைந்தார். கூலி குறைவுதான். மனக்குறையோடு என்றாலும், பிப்ரவரி முதல் அங்கே மாறினார்.

இன்ஹேலரைச் செய்து காட்டச் சொன்னோம். அமுக்கும் இன்ஹேலரில் வெளிவரும் மருந்தை மெதுவாக, நீளமாக இழுக்க வேண்டும். பொடி இன்ஹேலரிலோ பலமாக, வேகமாக இழுத்தால்தான் பொடி பிரிந்து உள்ளே போகும். இவர் பொடிக் கருவியை மெதுவாக இழுத்தார். அதற்கு முன் அதற்குள்ளேயே மூச்சை விட்டு, பொடியை ஈரமாக்கிக்கொண்டிருந்தார். தலையைத் திருப்பி மூச்சை முழுதும் வெளியே விட்டு, உதட்டை இறுக்கி, ஒரே வீச்சில் இழுத்து, பத்து எண்ணும் வரை அடக்க வேண்டும் என்பது நான்காம் முறையில் கைவந்தது. ஒவ்வொரு முறையும் வாய் கொப்புளித்துத் துப்ப வேண்டும். இல்லாவிட்டால் நாக்கில் வெண்படலம் படியும், குரல் கம்மும்.

ஃபார்மோடெரால் சில நிமிடங்களிலேயே வேலை செய்யத் தொடங்குவதால், திணறும் வேளையிலும் அதே இன்ஹேலரைக் கூடுதலாக ஒருமுறை எடுக்கச் சொன்னோம். ஒரு கருவியே போதும் என்பது அவருக்குப் பெரிய நிம்மதி. அவசரத் திட்டத்தை மகள் காலண்டரின் பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதினாள். 340-ஐ அவரது உச்ச அளவாகக் கொண்டு, 270-க்கு மேல் இருந்தால் வழக்கம் போல. 270-க்கும் 200-க்கும் இடையில் கூடுதல் உறிஞ்சல், மறுநாளும் ஏறாவிட்டால் தொலைபேசி. 200-க்குக் கீழே போனாலோ பேச முடியாவிட்டாலோ உடனே 108.

மாசி மாதத்துச் சிக்கல்

வேலை மாறிய பிறகு மாலை எண் 300-க்கு ஏறியது. காலை எண்தான் 255-ஐத் தாண்ட மறுத்தது. முன்பு காலையில் உயர்ந்து மாலையில் விழுந்தது, இப்போது தலைகீழ். ஆஸ்துமா இரவில் இறுகும் இயல்புடையது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். பொங்கல் வாரத்துக் காலை எண்கள் அந்தச் சமாதானத்துக்கு இடம் தரவில்லை. மருந்தைக் கூட்டும் முன் ஒரு கேள்வி கேட்டேன்: இரவில் எங்கே, எதன் மேல் படுக்கிறீர்கள்?

தரையில், பாயின் மேல். பாய்க்கு அடியில்? “தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்னு சொல்லுவாங்கல்லீங்க. சில்லுனு ஏறாம இருக்க சாக்கு விரிச்சிருக்கோம்.” கிடங்கிலிருந்து கிழிசல் என்று கழித்துப் போட்ட சாக்குகள், நான்கு. மூன்று ஆண்டுகளாகக் குளிர் தொடங்கியதும் விரிப்பது வழக்கமாம்.

அப்படியானால் பொங்கல் வாரத்தில் காலை எண் ஏறியது எப்படி? காலண்டரைப் புரட்டிக்கொண்டிருந்த மகள்தான் சொன்னாள்: போகியன்று பழைய பாயையும் சாக்கையும் தெருவில் போட்டு எரித்துவிட்டார்களாம், தை கடைசியில் அப்பா வேறு நான்கு சாக்கு கொண்டுவந்தாராம். நான் மிகக் கவனமாக வகுத்ததாக எண்ணியிருந்த சோதனையில், கிடங்கோடு சேர்த்துச் சாக்கும் அன்றே விலகியிருந்தது. 340 என்ற எண் இரண்டுக்குமான கணக்கு. போகியன்று விழுந்த 240-இலும் அந்தச் சாக்குகள் எரிந்த புகைக்குப் பங்கு இருந்திருக்கலாம்.

அன்றே சாக்குகள் வீட்டை விட்டு வெளியேறின. போர்வைகள் வெந்நீரில் துவைக்கப்பட்டன. பாய்க்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்பும் பழைய கம்பளியும் வந்தன. மருந்தின் அளவை மாற்றவில்லை. இரண்டு வாரத்தில் காலை எண் 310-ஐத் தொட்டது. இரவு விழிப்பு நின்றது. ஏப்ரலில் எடுத்த ஸ்பைரோமெட்ரியில் முதல் நொடிக் காற்று 2.05 லிட்டர்.

தொழில்வழி ஆஸ்துமா, காரணம் விலகிய பிறகும் பலருக்கு முழுமையாக விடுவதில்லை. எவ்வளவு சீக்கிரம் விலகுகிறார்களோ அவ்வளவு நல்லது என்பதே அறியப்பட்டது. எனவே மூன்று மாதம் நோய் கட்டுக்குள் நின்ற பிறகு மருந்தைப் பாதியாகக் குறைத்துப் பார்ப்பது என்றும், நிறுத்துவது பற்றி இப்போது பேசுவதில்லை என்றும் முடிவாகியுள்ளது. மே மாதக் கட்டங்களில் ஒரு சனிக்கிழமை மாலை மட்டும் 265 என்று இருந்தது. பக்கத்தில் மகளின் எழுத்தில் ஒரே சொல்: “சம்பளம்.” பாக்கிக் கூலி வாங்கக் கிடங்குக்குள் அரை மணி நேரம் நின்றிருக்கிறார். இனி அதைக் கணவர் போய் வாங்கிவருவார்.